என்ன புஸ்தகம் வேணும்?

பழைய புத்தகக் கடைகளைப் பற்றி உருகி உருகி எழுதப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் நான் வேறு ஏதோ தேசத்தில் வளர்ந்தவனோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தக் கட்டுரைகளில் ஒரு கடைக்காரர் வருவார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். புன்னகைப்பார். "தம்பி, இதைப் படிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்று ஒரு புத்தகத்தைக் கையில் வைப்பார். காசு அப்புறம் கொடுத்தால் போதும் என்பார். பின்னணியில் பழுப்புத் தாளின் வாசனை வேறு. எழுபதுகளின் மதுரையில் எனக்கு வாய்த்த கடைக்காரரும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்த்தார். அதோடு சரி. மற்றதெல்லாம் யாரோ பிற்பாடு எழுதிச் சேர்த்தது.

மாசி வீதி ஒன்றில், பாத்திரக் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கடை. பலகையில் 'புத்தக நிலையம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் பள்ளி நோட்டுகள், மேப்புகள், ஜியாமெட்ரி பாக்ஸ், கணக்குப் பேரேடுகள் கிடைக்கும் என்று இருக்கும். கடையை வாழவைத்தது அந்தப் பொடி எழுத்துதான். ஜூன் மாதத்தில் கோனார் உரைக்கு நிற்கும் கூட்டத்துக்குள் புகுந்து நாவல் கேட்டால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து கஞ்சி கேட்டவனைப் பார்ப்பது போல எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேசை. மேசைக்கு அப்பால் கடைக்காரர். அவருக்கும் அப்பால், சுவரோரமாகப் பூட்டிய கண்ணாடி பீரோக்கள். சாவிக்கொத்து அவர் இடுப்பில். தூசி படக்கூடாது என்று புத்தகங்களுக்கெல்லாம் காக்கித் தாளில் அட்டை போட்டு வைத்திருப்பார். அந்தத் தாளுக்குள் முதுகும் போய்விடும். ஆகவே எட்டி எட்டிப் பார்த்தாலும் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. நான் முதன்முதலில் தனியாகப் போனபோது நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"என்ன புஸ்தகம் வேணும்?"

"சும்மா… பாக்கலாம்னு."

"பாக்குறதுக்கு மீனாச்சி கோயில் இருக்கு. அங்கன போய்ப் பாரு. இங்க என்ன வேணும், அதச் சொல்லு."

என்னத்தைச் சொல்வது? என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே என்ன வேண்டும் என்று சொல்ல முடியும்? ஆனால் என்ன வேண்டும் என்று சொன்னால்தான் என்ன இருக்கிறது என்று அவர் காட்டுவார். எனக்குத் தெரிந்த பலர் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு, கடைசியில் மாத நாவலிடம் சரணடைந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் நாவல்கள் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கின. அட்டைப்படம் பளிச்சென்று தெரிந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் மாத நாவல் ஏன் அப்படி விற்றது என்று ஆராய்கிறவர்கள் இந்தக் கண்ணாடி பீரோவையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

விவரம் தெரிந்தவர்கள் சீட்டோடு வருவார்கள். நூலகத்தில் எடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'எமது பிற வெளியீடுகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது. கடைக்காரர் சீட்டை வாங்கிப் படிப்பார். பீரோ பக்கம் தலையைத் திருப்பாமலே "ஸ்டாக் இல்ல" என்பார். ஆர்டர் போட்டால் பத்து நாளில் வரும் என்பார். அந்தப் பத்து நாள் என்றைக்குத் தொடங்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். பொறுமை இல்லாதவர்கள் பதிப்பகத்துக்கே கார்டு எழுதிப்போட்டு வி.பி.பி.யில் வரவழைத்தார்கள். அதில் வேறு சங்கடம். தபால்காரர் வாசலில் நின்று, வீட்டிலுள்ள எல்லோர் காதிலும் விழும்படி தொகையைச் சொல்லித்தான் பார்சலைக் கொடுப்பார்.

தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்குப் புதுமண்டபம் இருந்தது. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் தூண்களில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் தையல் மெஷின்கள் ஓடின, வளையல் விற்றது, பாத்திரம் விற்றது. நடுவே புத்தகமும் விற்றது. பஞ்சாங்கம், கந்தர் சஷ்டிக் கவசம், சமையல் குறிப்பு, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, பத்தாம் வகுப்புக் கைடு என்று எல்லாம் ஒரே மேடையில் கிடக்கும். எடுத்துப் புரட்டலாம். மன்னர்கள் தடுக்கவில்லை. கடைக்காரர் தடுத்தார்தான், ஆனால் ஐந்து நிமிஷம் கழித்து. சில வருஷங்களுக்கு முன் அந்தக் கடைகளை அங்கிருந்து எடுத்துப் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்துக்கு அது நல்லது. சிற்பத் தூணைச் சுற்றிச் சரக்கைக் கட்டித் தொங்கவிட்ட காலத்தைப் பொற்காலம் என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் சொல்கிறார்கள்.

மாஸ்கோவிலிருந்தும் எங்களுக்குப் புத்தகம் வந்தது. 1951இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று சோவியத் வெளியீடுகள் தமிழிலேயே கிடைக்கும். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், படங்கள். உள்ளூர்ப் பதிப்பாளர் வெறும் அட்டைக்குக் கேட்கிற விலையில் முழுப் புத்தகம். யாக்கவ் பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' படித்தவர்களில் எத்தனை பேர் பொதுவுடைமைவாதி ஆனார்கள் என்று தெரியாது. என் வகுப்பில் சிலர் எஞ்சினியர் ஆனார்கள். ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' எங்கள் வீட்டுக்கு வந்தது, என் அப்பா காங்கிரஸ்காரராக இருந்தும். அவர் அட்டையைத் தட்டிப் பார்த்தார், விலையைப் பார்த்தார், கொள்கையை மறந்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது பலர் சித்தாந்தத்துக்காக வருந்தினார்கள். அந்த பைண்டிங்குக்காக வருந்தியவர்களும் உண்டு.

வேலை கிடைத்து மெட்ராஸுக்கு வந்தபோது மூர் மார்க்கெட் இன்னும் எரிந்திருக்கவில்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டடம். நாய்க்குட்டி, கிளி, கிராமபோன் தட்டு, பழைய புத்தகம் என்று கிடைக்காதது கிடையாது. புத்தகத்துக்கு விலை அதன் முதல் பக்கத்தில் இருக்காது, வாங்க வந்தவன் சட்டையில் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டையோடு மூர் மார்க்கெட்டுக்குப் போகாதே என்பதுதான் மேன்ஷன் நண்பர்கள் எனக்குச் சொன்ன முதல் அறிவுரை. 1950 முதல் 54 வரை கல்கி இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்', மணியம் ஓவியங்களோடு யாரோ ஒரு மாமி வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்தது, அங்கேதான் கிடைக்கும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும். மாமி அந்த வாரம் ஊரில் இல்லை போலும். வந்தியத்தேவன் ஒரு பக்கத்தில் குதிரை ஏறி அடுத்த பக்கத்தில் படகிலிருந்து இறங்குவான். நாமே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. கடைக்காரர்களில் பலர் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து அந்த ரயில் நிலைய வளாகத்தில் வைத்தார்கள். நம் ஊரில் ஒன்றைக் காப்பாற்றுவது என்றால் இதுதான் முறை.

அந்தக் காலத்து மெட்ராஸில் மதிப்புக்குரிய கடை என்றால் அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸ். 1844இல் தொடங்கியது. இப்போதுள்ள வெள்ளைக் கட்டடம் 1904லிருந்து இருக்கிறது. கறுப்பு வெள்ளைக் கட்டத் தரை, உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ரயில் நிலைய பிளாட்பாரத்துப் பெயராகத்தான் அறிமுகம். அதற்கு நேர்மாறான கடை, கன்னிமாரா ஹோட்டலில் நளினி செட்டூர் 1974இல் தொடங்கிய கிகிள்ஸ். தரையிலிருந்து தலைக்கு மேல்வரை அடுக்கு அடுக்காகப் புத்தகம். ஆள் நுழைய இடம் கிடையாது. எந்த அடுக்கில் கீழேயிருந்து எத்தனையாவது என்று அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் இல்லை, பீரோ இல்லை, சாவி இல்லை. அவர் என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்பதைவிட, இதுவரை என்ன படித்தீர்கள் என்று அறிவதில் அக்கறை காட்டுகிறவர் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். ஐந்து நட்சத்திர ஹோட்டல் வாசலைத் தாண்டும் துணிச்சல் எனக்கு வெகுகாலம் வரவில்லை. வாசலில் நின்ற மீசைக்காரரின் தலைப்பாகையே தடுத்துவிடும்.

1987இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் லேண்ட்மார்க் திறந்தது. கதவு கிடையாத பீரோக்கள்! எடுக்கலாம், புரட்டலாம், தரையில் உட்கார்ந்து பாதி படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டும் வரலாம். ஏசி வேறு. நகரத்தின் சிறிய கடைக்காரர்கள் அன்றைக்குச் சொன்னது என்ன? பெரிய மீன் வந்துவிட்டது, இனி நாங்கள் அவ்வளவுதான் என்றார்கள். சில கடைகள் மூடின. வாசகர்கள் துக்கம் கொண்டாடினார்கள், லேண்ட்மார்க்கில் உட்கார்ந்தபடி. அந்தக் கடை பின்னாளில் டாட்டா குழுமத்தின் கைக்குப் போனது. புத்தகத் தட்டுகள் குறைந்து பொம்மைத் தட்டுகள் கூடின. ஒருநாள் நுங்கம்பாக்கம் கடையும் மூடப்பட்டது. அப்போது எழுதப்பட்ட இரங்கல்களைப் படித்திருந்தால் திருவல்லிக்கேணி முதியவர் ஒருவர் திண்ணையில் நடத்திய கடை மூடிவிட்டது என்றுதான் நினைத்திருப்பீர்கள். பெரிய மீன் செத்ததும் சின்ன மீனாகிவிடுகிறது.

சங்கிலிக் கடைகளின் காலத்தில் இன்னொரு வகை விற்பனையாளர் உருவானார். சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, மாறாத புன்னகை. மதுரை அண்ணாச்சியிடம் இல்லாத மரியாதை எல்லாம் இவரிடம் இருந்தது. பெயர் வேண்டாம், ஒரு வணிக வளாகத்துக் கடையில் புதுமைப்பித்தன் இருக்கிறதா என்று கேட்டேன். பையன் கீபோர்டில் கை வைத்து, "ஸ்பெல்லிங் சொல்லுங்க சார்" என்றான். சொன்னேன். இல்லை என்று வந்தது. அவன் தலைக்குப் பின்னால் இரண்டாவது தட்டில் இருந்தது. நானே எடுத்துக்கொண்டேன். "ஓ, இதுவா சார்" என்று உண்மையாகவே மகிழ்ந்தான். நல்ல பையன். பிறகு செல்போன் கடைக்குப் போயிருப்பான்.

2007இல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் புத்தகம் விற்கும் தளமாகத்தான் தொடங்கியது. அமேசான் 2013இல் இந்தியாவுக்கு வந்தது. அமெரிக்காவில் அதுவும் முதலில் விற்றது புத்தகம்தான். இனி கடைக்கே போக வேண்டாம் என்றார்கள். சரி என்று நானும் திறந்து பார்த்தேன். மேலே நீளமாக ஒரு வெள்ளைக் கட்டம், உள்ளே ஒரு கோடு மின்னி மின்னி நிற்கிறது. என்ன கேட்கிறது அது? என்ன புஸ்தகம் வேணும் என்று கேட்கிறது. மாசி வீதிக்காரர் கேட்ட அதே கேள்வி. முன்னால் மேசை, அப்பால் பூட்டிய பீரோ, சாவி யார் இடுப்பிலோ. பெயரைச் சொன்னால் எடுத்துக் காட்டும். "சும்மா பாக்கலாம்னு" என்றால், போன மாதம் வாங்கிய புத்தகத்தையே வேறு அட்டையில் காட்டும். பத்து நாள் என்பது நாளைக்குச் சாயங்காலம் என்று ஆகியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆகவே அந்தக் காலம் போச்சே என்று புலம்புகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். அது அப்படியே உங்கள் சட்டைப் பைக்குள் திரும்பி வந்திருக்கிறது. மதுரைக்காரர் ஒன்றே ஒன்றுதான் செய்ததில்லை. நான் கடையைவிட்டு இறங்கிய பிறகு தெருமுனை வரை பின்னாலேயே வந்து, விலை கேட்ட புத்தகத்தை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்ததில்லை.

இந்த இரண்டு 'என்ன வேணும்'களுக்கும் வெளியே, அந்தக் கேள்வியைக் கேட்காத கடைகள் சில உண்டு. அவை பழங்காலத்தில் இருந்தவை என்பதைவிட இப்போது இருப்பவை என்பதுதான் வேடிக்கை. கோவை ராஜவீதியில் மு. வேலாயுதம் தொடங்கிய விஜயா பதிப்பகத்தைப் பற்றிக் கொங்கு நாட்டு வாசகர்களிடம் கேளுங்கள், நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள். சென்னையில் கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல். இன்னும் ஊருக்கு ஊர், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய, பலகை பாதி மரத்துக்குப் பின்னால் மறைந்த கடைகள். இவற்றில் பலவும் எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தவை. என் இளமையின் கடைகளைவிட எல்லா விதத்திலும் மேலானவை. நினைவேக்கக் கட்டுரை எழுத உட்கார்ந்தவன் இதைச் சொல்லக் கூடாது. ஆனால் உண்மை.

அப்படிப்பட்ட ஒரு மாடிக் கடைக்கு நான் அடிக்கடி போவேன். கடைக்காரருக்கு என்னைவிட இருபது வயது குறைவு. அவரே கணக்குப்பிள்ளை, அவரே பார்சல் கட்டுகிறவர், சாயங்காலம் புத்தக வெளியீடு என்றால் நாற்காலி போடுகிறவரும் அவரே. அடுக்கு முறையைக் கண்டால் நூலகத் துறை படித்தவர்கள் மயங்கி விழுவார்கள். மார்க்ஸுக்குப் பக்கத்தில் சித்த வைத்தியம் இருக்கும். ஏன் என்றால், வாங்குகிறவர் ஒரே ஆள் சார் என்பார். சிறுகதைகள் ஆசிரியர் பெயர் வரிசையில் இல்லை. யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை உண்டோ அவர்களை அருகருகே வைத்திருக்கிறார். உள்ளே நுழைந்தால் தலையை நிமிர்த்திப் பார்த்து, "வாங்க சார், பாத்துட்டு இருங்க" என்பார். எத்தனை வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த அனுமதி!

ஒருநாள் 'நினைவு அலைகள்' இருக்கிறதா என்று கேட்டேன். 

"எந்த நினைவு அலைகள் சார்? டாக்டரா, டைரக்டரா?" 

நான் தேடிப்போனது டாக்டர் தி.சே.சௌ. ராஜனின் தன்வரலாறு. லண்டனில் வ.வே.சு. ஐயரோடு பழகியவர். 1930இல் வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சியில் அவர் வீட்டிலிருந்துதான். பிறகு ராஜாஜி மந்திரிசபையில் சுகாதார மந்திரி. இதே பெயரில் நெ.து. சுந்தரவடிவேலுவும் தன்வரலாறு எழுதியிருக்கிறார். காமராஜர் காலத்தில் கல்வித்துறை இயக்குநர், மதிய உணவுத் திட்டத்தில் பெரும்பங்கு, பின்னால் துணைவேந்தர். ஒருவர் காங்கிரஸ் வைதிகக் குடும்பத்து மருத்துவர், மற்றவர் சுயமரியாதைக்காரர். இரண்டு பேரும் ஒரே நூற்றாண்டை இரண்டு கரைகளில் நின்று பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக் கட்டத்தில் அந்தப் பெயரைத் தட்டியிருந்தால் ஏதோ ஒன்று வந்திருக்கும், நானும் அதுதான் என்று இருந்திருப்பேன். கடைக்காரர் இரண்டையும் எடுத்து மேசையில் போட்டார். "ரெண்டையும் சேத்துப் படிச்சாத்தான் சார் ருசி" என்றார். இது வியாபாரத் தந்திரம் என்பது எனக்குத் தெரியாமலில்லை. டாக்டர் ஒன்று, டைரக்டர் மூன்று பாகம், ஆக நாலு புத்தகத்தைச் சுமந்துகொண்டு படியிறங்கினேன். அவர் சொன்னது சரி. ருசியாகத்தான் இருந்தது.

எல்லாம் சரி, கடை எப்படி ஓடுகிறது?

நன்றாக ஓடுகிறது. கூட்டம் இருக்கிறது. சனி, ஞாயிறில் இளைஞர்கள் வருகிறார்கள். அடுக்குக்கு முன்னால் நின்று, புத்தகத்தை நெஞ்சருகே பிடித்து, எங்கோ பார்ப்பது போல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு அண்ணாச்சியிடம் இப்படி நின்றிருந்தால் விளக்குமாறு வந்திருக்கும். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஒரு ஜோடி லைட்டு, குடை சகிதம் வந்து, இந்தத் தலையணை சைஸ் புத்தகங்களைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க முடியுமா என்று கேட்டதை நானே பார்த்தேன். தலையணை சைஸ் என்றது கம்பராமாயணத்தை. இன்னொரு வகையினர் அமைதியானவர்கள், படித்தவர்கள். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, பின்னட்டை படித்து, கடைக்காரரிடம் இதைப் போல வேறு என்ன இருக்கிறது என்று விசாரித்து, அவர் ஓடி ஓடி எடுத்துக் காட்டியதையெல்லாம் போனில் படம் பிடித்து, "ரொம்ப நன்றிங்க, இந்த மாதிரி கடைகள் அழியக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் படியிலேயே நின்று இணையத்தில் ஆர்டர் போடுகிறார்கள். நாற்பது ரூபாய் மிச்சம்.

அந்த நாற்பது ரூபாயின் கணக்கைக் கடைக்காரர் எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டினார். 300 ரூபாய்ப் புத்தகம். பதிப்பகம் தரும் கழிவு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சினால் 35. அதாவது 90 ரூபாய் அல்லது 105. வாசகர் கேட்கும் 10 சதவீதத் தள்ளுபடி 30 ரூபாய். மீதி அறுபது, எழுபத்தைந்தில் வாடகை, கரண்டு, பதிப்பகத்திலிருந்து வந்த பார்சல் செலவு, எழுத்தாளர்கள் வந்தால் டீ. எழுத்தாளர்கள் தினமும் வருகிறார்கள். இணையத்தில் தள்ளுபடியைத் தாங்குகிற நிறுவனத்துக்கு விற்க மிக்ஸி இருக்கிறது, செருப்பு இருக்கிறது. இவருக்கு அறுபது ரூபாய்தான் இருக்கிறது.

இந்தத் தள்ளுபடிப் பழக்கத்தைப் புத்தகக் கண்காட்சிதான் ஏற்படுத்தியது என்று சிலர் சொல்வார்கள். 1977இல் அண்ணா சாலை மதரஸா பள்ளியில் 22 கடைகளோடு தொடங்கிய சென்னைக் கண்காட்சி இப்போது 800, 900 அரங்குகள். எனக்கு அதன்மேல் கோபமில்லை. பொங்கலுக்குப் பொங்கல் புதுச்சட்டை மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை புத்தகம் வாங்கி முடித்துவிடும் மனசைத்தான் அது கொடுத்துவிட்டது. மீதிப் பதினொரு மாதம் கடைக்காரர் என்ன செய்வார் என்று யாரும் யோசிப்பதில்லை. அச்சுக் கோர்த்த நாட்களில் ஒரு நாவலின் முதல் பதிப்பு 1,000 அல்லது 1,200 பிரதி. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பல மடங்கு பெருகிய இந்தக் காலத்தில், வேண்டியபோது அடித்துக்கொள்ளலாம் என்று 100, 200தான் போடுகிறார்கள். இதற்கு விதிவிலக்கு 'பொன்னியின் செல்வன்'. கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு ஆளாளுக்குப் போட்டார்கள். 2022இல் மணிரத்னம் படம் வந்ததும் அது மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அன்று ஒரு வாரம் விட்டுப்போன பைண்டிங்கை அலைந்து வாங்கினோம். இன்று எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்கிறார்கள்.

கடைகள் மூடப்படுவதைப் பற்றி இவ்வளவு கேலி பேசியவன் ஒன்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். எங்கள் கடைகளெல்லாம் வாடகையால் மூடின, வாரிசு இல்லாமல் மூடின, நாங்கள் வாங்காததால் மூடின. யாழ்ப்பாணத்தில் 1981இல் பொது நூலகத்தை எரித்தபோது பூபாலசிங்கம் புத்தகசாலையையும் சேர்த்து எரித்தார்கள். நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. பூபாலசிங்கம் கடை மறுபடி திறந்தது. போர் நடந்த வருஷங்களைத் தாண்டி இன்றும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கிறது. அவர்கள் யாரும் தங்கள் கடையைப் பற்றி ஏக்கக் கட்டுரை எழுதச் சொல்லி நம்மிடம் கேட்கவில்லை. புத்தகம் விற்கிறார்கள்.

ஆகையால், பழைய கடைகளுக்காக அழுவதற்கு ஒதுக்கியிருக்கும் நேரத்தில் உங்கள் ஊரில் இப்போது இருக்கும் கடைக்கு ஒருமுறை போய்வாருங்கள். பட்டியல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதற்கு அந்த வெள்ளைக் கட்டமே போதும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை, ஆனால் கையில் பிடித்திருக்கும் புத்தகத்துக்கு பில் போட்ட பிறகு எடுங்கள். தள்ளுபடி அவராகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள். முக்கியமாக, கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். கடையில் இருப்பது ஒரே ஆள். பார்சல் போட அவர் போஸ்ட் ஆபீஸுக்குப் போயிருந்தால் திரும்பி வர அரைமணி நேரம் ஆகும்.